மலைநாட்டு வழிகளில் மிதிவண்டிப் பயணம்

திண்டுக்கல் நகருக்கு முதன்முறையாக வருகிறவரின் கண்ணில் முதலில் படுவது அந்தப் பெரும் பாறைதான். திண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தாற்போல நகரின் மேற்குப் பகுதியில் அது கிடக்கிறது. ஊருக்குப் பெயர் தந்ததும் அதுவே என்பர். 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னரான முத்துக்கிருஷ்ணப்பர் அதன்மேல் கோட்டை எழுப்பத் தொடங்கினார். பின்னர் ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் அதை வலுப்படுத்தினர். 1790-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. படைத்தலைவர்கள் அந்தப் பாறைமேல் நின்று நாடு பிடிக்கப் பார்த்தார்கள். மாணவ நண்பர்களே, இன்று நாமும் அங்கே ஏறி நின்று, வழி பிடிக்கப் பார்ப்போம்.

காலை வேளையில் கோட்டைச் சுவரருகே நின்று கிழக்கே நோக்குங்கள். சிறுமலை நீல நிறத்தில் நீண்டு கிடக்கிறது. பெயர்தான் சிறுமலை, அதன் முடிகள் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. மேற்கே திரும்பினால் பழனி மலைத்தொடர். அதன் மடியில் கீழ்மலை ஊர்களும், முடியில் கோடைக்கானலும் இருக்கின்றன. வடக்கே வேடசந்தூர் வழியாகக் கரூர் வரை பரந்து செல்லும் செம்மண் சமவெளி. இவ்விரு மலைகளுக்கும் நடுவே, ஒரு வாயிற்படியில் உட்கார்ந்திருப்பதைப் போல அமைந்த ஊர் திண்டுக்கல். மிதிவண்டியில் ஊர் சுற்ற விரும்பும் ஒருவனுக்கு இதைவிட நல்ல புறப்பாட்டிடம் தமிழ்நாட்டில் அரிது. சமவெளியில் பழகிக்கொள்ளலாம், மலையடிவாரத்தில் பயிலலாம், பிறகு மலையும் ஏறலாம்.

மிதிவண்டியில் பயணமா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் வண்டி அது. பயணம் போவதற்குப் பேருந்து இருக்கிறதே என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டிகளில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் அடி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர், 1928-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து ஊர் திரும்பினர். பாலைவனத்தையும் பனிமலையையும் அவர்கள் கடந்தது இரண்டு சக்கரங்களின் மேல்தான். நாம் கேட்பது அவ்வளவு பெரிய காரியம் அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வண்டி, இரு தோழர்கள், அவ்வளவே.

மிதிவண்டிப் பயணத்தை ஒரு கலையாக வளர்த்தவர்கள் ஆங்கிலேயர். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை அளித்தார். இன்று நம் தெருவில் ஓடும் வண்டியின் உருவம் அப்போதே அமைந்துவிட்டது. அதற்கும் முன்னரே, 1878-இல், ஹாரோகேட் என்னும் ஊரில் மிதிவண்டிப் பயணிகள் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அந்தச் சங்கம் செய்த பணிகள் நம் கருத்துக்கு உரியவை. பயணிகளுக்கு நியாயமான விலையில் உணவும் படுக்கையும் தரும் விடுதிகளைத் தேர்ந்தெடுத்து, சிறகு முளைத்த சக்கரம் பொறித்த இரும்புத் தகட்டை அவற்றின் சுவரில் பதித்தது. செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நாட்டியது. எந்தச் சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கோட்டுப் படமாக வரைந்து காட்டும் கைந்நூல்களும் அந்நாட்டில் வெளியாயின. மலைநாட்டில் தூரத்தை மட்டும் அறிந்தால் போதாது, ஏற்றத்தையும் அறிய வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

விடுதிகள் என்றதும் எனக்கு நம் பழனிச் சாலை நினைவுக்கு வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும்போது வரும் ஊர்களின் பெயரைக் கவனியுங்கள்: ரெட்டியார்சத்திரம், அதற்கு அப்பால் ஒட்டன்சத்திரம். நடந்து செல்வோருக்கு உண்டியும் நிழலும் தரச் சத்திரங்கள் இருந்த சாலை இது என்று அந்தப் பெயர்களே சொல்கின்றன. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் நத்தம் வழியாகவும் திண்டுக்கல் வழியாகவும் பழனிக்குக் காவடி சுமந்து நடந்து வருகிறார்கள். தைப்பூசக் காலத்தில் இந்தச் சாலையோரம் இரவும் பகலும் மக்கள் வெள்ளம். ஆகவே, தன் உடல் வலிவாலேயே ஊர் கடந்து செல்வது ஆங்கிலேயரிடம் கற்க வேண்டிய பழக்கம் அன்று. நம் பாட்டனாருக்குத் தெரிந்த பழக்கம். மிதிவண்டி அதற்குச் சற்று வேகம் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

இனி, இங்கிலாந்தின் மலைக்கும் நம் மலைக்கும் உள்ள வேற்றுமையைச் சிறிது காண்போம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த முடியான ஸ்காபெல் பைக் 978 மீட்டர் உயரமே. கோடைக்கானலோ 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதாவது, அந்நாட்டின் உச்சி முடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதைக் கேட்டதும் அவர்கள் மலை எளிது, நம் மலை அரிது என்று தோன்றும். உண்மை அவ்வளவு நேரானது அன்று. அங்கே ஏரி மாவட்டத்தில் ஹார்ட்நாட் கணவாய்ச் சாலை சில இடங்களில் மூன்றடி செல்வதற்குள் ஓரடி உயர்கிறது. நம் வத்தலக்குண்டு–கோடைக்கானல் சாலையோ, முழுத் தூரத்துக்கும் கணக்கிட்டால், முப்பதடிக்கு ஓரடி என்ற அளவில்தான் உயர்கிறது. சில பகுதிகள் இதைவிடச் செங்குத்தாக இருக்கலாம். அங்கே ஏற்றம் குறுகியது, கொடியது. இங்கே ஏற்றம் மென்மையானது, ஆனால் முடிவில்லாததுபோல நீள்வது. அங்கே கால் வலிமை வேண்டும். இங்கே பொறுமை வேண்டும்.

பள்ளியில் இயற்பியல் படிக்கும் நண்பர்கள் என்னோடு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எடை 60 கிலோ, வண்டியும் மூட்டையும் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வத்தலக்குண்டு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 320 மீட்டர். கோடைக்கானலை அடைய, 80 கிலோ எடையை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர்த்த வேண்டும். அதற்கான வேலை ஏறக்குறைய 14 லட்சம் ஜூல். உணவின் கணக்கில் சொன்னால் சுமார் 340 கலோரி. ஆனால் நம் உடல் உண்ட உணவில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாய், வியர்வையாய்ப் போகிறது. ஆகவே மலை ஏறுவதற்கு மட்டும் 1,400 முதல் 1,700 கலோரி வரை வேண்டும். சமவெளியின் உராய்வும் எதிர்க்காற்றும் இதில் சேரவில்லை. வெறும் வயிற்றோடு மலையேறப் புறப்படுகிறவன் பாதி வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இதே கணக்கு வண்டியின் பற்சக்கரத்தையும் விளக்கும். நம் வீடுகளிலுள்ள பழைய வகை வண்டியில் மிதியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகர்கிறது. சமவெளிக்கு அது ஏற்ற அளவு. மலையிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் பெரும் பளுவைத் தூக்குவதாக ஆகிவிடும். கியர் வைத்த வண்டியில், முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒத்த பற்கள் அமையும்படி மாற்றிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றே கூடுதலாக நகரும். வேலையின் மொத்த அளவு குறையவில்லை. அது சிறுசிறு கவளமாகப் பிரிக்கப்படுகிறது. கியர் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் பயணமே. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டி 1903-இல் தொடங்கியது. 1910-இல் அது முதன்முறையாகப் பிரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களில் ஏறியது. அவற்றுள் ஒன்றான துர்மலே கணவாய் 2,115 மீட்டர். ஏறக்குறைய நம் கோடைக்கானலின் உயரம். அன்று உலகின் தேர்ந்த வீரர்களே பல இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றனர். அவர்களுக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

இப்போது வழிகளுக்கு வருவோம். நான்கு வழிகளைச் சொல்கிறேன். எளியதிலிருந்து அரியதற்கு ஏறுமுகமாகவே அவற்றை அமைத்திருக்கிறேன்.

முதல் வழி, ஒரு காலைப்பொழுதுக்குரியது. திண்டுக்கல்லிலிருந்து தெற்கே, ஏறத்தாழ 11 கிலோமீட்டரில், சின்னாளபட்டி. தறியின் ஓசை கேட்கும் ஊர். சுங்குடிச் சேலைக்குப் பெயர் போனது. அதன் அருகிலேயே, சிறுமலையின் அடிவாரத்தில், காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்திலிருந்து 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இந்த வழியில் பெரிய ஏற்றமேதும் இல்லை. கன்னியாகுமரி வரை செல்லும் நான்குவழிச் சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. அதன் நடுவில் போகாதீர்கள். அணுகுசாலையும் ஊர்ச் சாலையும் நமக்குப் போதும். வேகமாகச் செல்லும் வண்டிகளுக்காகப் போட்ட சாலையில் மிதிவண்டிக்காரன் விருந்தாளிகூட அல்லன். அங்கே அவனைக் காண எவரும் எதிர்பார்ப்பதில்லை.

இரண்டாம் வழி, ஒரு முழு நாளுக்குரியது. திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே ஆத்தூர். அதற்கு மேற்கே மலையடியில் காமராசர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் மக்கள் குழாயில் பிடிக்கும் தண்ணீரின் ஒரு பிறப்பிடம் அது. கரையில் நின்றால் மலை நீரில் தலைகீழாய்த் தெரியும். அங்கிருந்து சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம் எனத் தென்னந்தோப்புகளினூடே சென்று வத்தலக்குண்டை அடையலாம். சிறிய ஊர்தான், ஆனால் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய ராஜம் அய்யரும் இவ்வூரினர். 'எழுத்து' இதழை நடத்திய சி. சு. செல்லப்பாவும் இவ்வூரினரே. பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகையாக மட்டுமே தோன்றும் ஊர், மிதிவண்டியில் போகும்போது பாடமாகத் தோன்றுகிறது. இந்த வழி முழுவதும் மலை உங்கள் வலப்புறத்தே கூடவே வரும். சாலை சிறிது ஏறும், சிறிது இறங்கும். மலைக்கு உடலைப் பழக்க இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

மூன்றாவது, சிறுமலை வழி. நத்தம் சாலையில் சிறிது தூரம் சென்று வலப்புறம் திரும்பினால் மலைப்பாதை தொடங்குகிறது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் திண்டுக்கல் நகரம் சற்றே சிறுத்துக்கொண்டு போகும். காலையில் நாம் ஏறி நின்ற பாறை, பதினெட்டாம் வளைவில் ஒரு கூழாங்கல்லாய்த் தெரியும். மேலே வாழையும் காப்பியும் மிளகும் பலாவும் விளைகின்றன. சாலை செல்லாத தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களைக் குதிரைகள் சுமந்து வருவதைக் காணலாம். சிறுமலை வாழைப்பழமும், பழனி மலைச் சாரலின் விருப்பாச்சி வாழைப்பழமும் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றவை. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் தாக்கி இந்த மலைவாழை பெரிதும் சுருங்கிப்போன வரலாறும் உண்டு. தோட்டக்காரர் ஒருவரிடம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசுங்கள். பயணிக்கு உணவும் கிடைக்கும். பயிர்நூல் பாடமும் கிடைக்கும்.

சிறுமலை என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் தோழன் ஒருவனும் நானும் இந்த மலைக்குப் புறப்பட்டோம். என்னுடையது தந்தையாரின் பழைய வண்டி. அவனுடையது வாடகை வண்டி. ஏறும்போது பாதி வழி மிதித்தோம். பாதி வழி தள்ளினோம். உச்சியில் தேநீர் குடித்துவிட்டு, வெற்றி கொண்ட வீரரைப்போல இறங்கத் தொடங்கினோம். ஏறிய களைப்பெல்லாம் இறங்கும் காற்றில் பறந்துவிட்டது. பாடிக்கொண்டே இறங்கினான் தோழன். ஆறேழு வளைவு கடந்திருப்போம். அவன் பாட்டு நின்றது. "பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை!" என்ற குரல் மட்டும் கேட்டது. அடுத்த வளைவில் கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தான். சுவர் இருந்ததால் உயிர் தப்பியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. வாழைத்தார் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் அவனைத் தார்களின் நடுவே கிடத்தி நகரத்து மருத்துவரிடம் சேர்த்தார். மூன்று மாதம் அவன் வலக்கையால் எழுதவில்லை. அந்த ஆண்டின் தேர்வு அவனுக்குத் தவறிப்போயிற்று.

குற்றம் சாலையுடையது அன்று, வண்டிக்கடைக்காரருடையதும் அன்று. புறப்படுமுன் பிரேக் கட்டையைக் குனிந்து பார்க்க எங்களுக்கு அரை நிமிடம் போதும். பார்த்திருந்தால் அது தேய்ந்து தகடாகியிருப்பது தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை. நான்தான் மூத்தவன், பார்க்கச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். இன்றும் அந்த வளைவைக் கடக்கும்போது என் கை தானாகப் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிறது.

இதையும் கணக்கில் காணுங்கள். 80 கிலோ எடை 700 மீட்டர் இறங்கினால் ஐந்தரை லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேனும் போயாக வேண்டும். மெதுவாக இறங்குகிறவனுக்கு அதில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் சக்கர வளையத்திலும் வெப்பமாகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. ஆகவே இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னதாகவே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, மீண்டும் அழுத்துங்கள். இரண்டு கைப் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று வளையத்தை ஆறவிடுங்கள். நின்ற இடத்தில் கண்ணுக்கு ஒரு காட்சி எப்போதும் காத்திருக்கும், நட்டமொன்றும் இல்லை.

நான்காவது வழி பெருவழி. இதை வட்ட வழி என்று நான் அழைப்பதுண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பழனியிலிருந்து கோடைக்கானல் ஏறத்தாழ 65. கோடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் ஏறத்தாழ 95. மொத்தம் 220 கிலோமீட்டர். நான்கு நாள் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

முதல் நாள் பழனி. ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தையைப் பாருங்கள். முருங்கையும் தக்காளியும் மூட்டை மூட்டையாய்க் கேரளம் வரை செல்லும் காட்சி அது. அதற்கு அப்பால் விருப்பாச்சி. ஆங்கிலேயரை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்த கோபால் நாயக்கரின் ஊர் அது. அவரை 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். கணவரை இழந்து நாட்டையும் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்ததும் இந்த விருப்பாச்சியில்தான். அரசி ஒருத்தி எட்டாண்டுக் காலம் காத்திருந்து படை திரட்டிய மலைச்சாரல் இது என்று நினைத்துக்கொண்டு மிதித்தால், கால்வலி சற்று மறக்கும்.

இரண்டாம் நாள் பழனியிலிருந்து விடியற்காலையில் மலையேற்றம். வழியில் கடைகள் குறைவு. தண்ணீரையும் உணவையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். பெருமாள்மலையில் பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் ஒன்று கூடுகின்றன. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும் என்று புவியியலில் படித்திருப்பீர்கள். படித்ததை உடம்பால் அறியும் நாள் இது. காலையில் புளியமரத்து நிழலை நாடிய நீங்கள், மாலையில் கம்பளியை நாடுவீர்கள். ஒரு பொழுதில் ஏற முடியாதென்று தோன்றினால் இடையில் தங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு மலைச்சாலையில் செல்லாதீர்கள். காட்டுமாடும் யானையும் நடமாடும் மலை இது. அவற்றின் வீட்டு முற்றத்தில் நாம்தான் வழிப்போக்கர்.

மூன்றாம் நாள் கோடைக்கானலில் ஓய்வு. 1845-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர் சிலர், சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி இங்கே வீடு கட்டினர். 1863-இல் மதுரையின் முன்னாள் கலெக்டர் லெவிஞ்சு ஏரியை அமைத்தார். அந்நாளில் மலைக்கு வண்டிச் சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்துக் காட்டுப் பாதையில் குதிரை மேலும், ஆள் சுமக்கும் நாற்காலியிலும் வந்தார்கள். பிறரின் தோள்மேல் ஏறி வந்த அவர்களைவிட, தன் கால்மேல் ஏறி வந்த நீங்கள் மேலான பயணிகள் என்று பெருமை கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்து மலைச்சரிவு நீலமாகும். 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்துப் பூக்கும் ஆண்டு 2030 என எதிர்பார்க்கலாம். இன்று பள்ளியிலிருக்கும் நீங்கள் அதற்குள் நல்ல மலையேறிகள் ஆகிவிடலாம்.

நான்காம் நாள் இறக்கம். வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து, ஊத்து வழியாக, வத்தலக்குண்டுச் சமவெளி கண்முன் விரிய இறங்குவது பெருமகிழ்ச்சி. ஆனால் சிறுமலையில் நான் கற்ற பாடத்தை மறக்காதீர்கள். இந்தச் சாலையில் மோட்டார் வண்டிகள் மிகுதி. கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் சுற்றுலா மோட்டார் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை வந்தது. ஆகவே விடுமுறை நாட்களைத் தவிர்த்து, வாரத்தின் நடுவில், அதிகாலையில் இறங்குவது அறிவுடைமை.

எப்போது போகலாம்? மார்கழியும் தையும் சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலைச்சாலையில் மண்சரிவை உண்டாக்கும். பங்குனி முதல் வைகாசி வரை சமவெளியின் வெயில் கொடியது. ஆடியில் வேறொரு சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று, பழனி வட்டாரத்தில் ஆளைத் தள்ளும். அப்போது பழனிக்குப் போகிறவனுக்குச் சமவெளியே மலையாகிவிடும். திரும்பி வருகிறவனுக்கோ மிதிக்காமலே வண்டி ஓடும். ஊரின் காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கைந்நூல்களில் இல்லாத செய்திகள் அவர்களிடம் உண்டு.

எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே. காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு மாற்று டியூப், திருப்புளி, இரண்டு புட்டி தண்ணீர், வேர்க்கடலையும் வெல்லமும், தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு. புறப்படுவதற்கு முந்தின நாளே பிரேக், சங்கிலி, டயர் மூன்றையும் பாருங்கள். பஞ்சர் ஒட்டத் தெரியாதவர்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளுங்கள். செல்லும் வழியைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிச் செல்லுங்கள்.

மாணவியருக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரேனும் சொன்னால் அவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டுங்கள். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின்போது, அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். தண்ணீர்க்குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திராமல் அவர்கள் போன காட்சியை உலகம் வியந்து பார்த்தது. அவர்களுக்கு மிதிவண்டி விளையாட்டுக் கருவி அன்று. பிறரை நம்பியிராமல் ஓரிடம் போய்ச் சேரும் உரிமை.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்கி வருகிறது. உங்களுள் பலர் வீட்டு வாசலில் அது நின்றுகொண்டிருக்கும். பள்ளிக்குப் போய்வருவதோடு அதன் பணி முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நம் மாவட்டத்தின் வரைபடத்தைத் தேர்வுக்காக எத்தனை முறை வரைந்திருப்பீர்கள்! அந்தப் படத்தில் மலையென்று நீங்கள் தீட்டிய பழுப்பு நிறத்தின் பொருள், முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். ஆறென்று வரைந்த நீலக்கோட்டில் தண்ணீர் இருக்கிறதா, மணல் மட்டும் இருக்கிறதா என்பது பாலத்தின் மேல் இறங்கி நின்று பார்க்கும்போதுதான் தெரியும்.

என் தோழனின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். தோள் ஆறி, மறு தேர்வும் எழுதித் தேறிய பின், ஒருநாள் விடியற்காலையில் அவன் என் வீட்டு வாசலில் வந்து மணியடித்தான். "சிறுமலைக்குப் போகலாம், வா" என்றான். நான் தயங்கினேன். அவன் குனிந்து தன் வண்டியின் பிரேக் கட்டையைக் காட்டினான், புதியது. பிறகு என் வண்டியினதையும் குனிந்து பார்த்தான். அதன் பின்னரே நாங்கள் புறப்பட்டோம். அன்று பதினெட்டு வளைவுகளிலும் ஏறினோம். பதினெட்டிலும் நின்று நின்று இறங்கினோம். பாறைக்கோட்டை எங்களுக்கு முன்னே மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டு வந்தது. வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.